நாவல் ஆன்லைனில் நகரவில்லையா? எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம்

சொந்தக் காசில் நாவல் போட்டு ஆன்லைனில் விற்க வருகிறவர், விற்பனை நின்றதும் முதலில் கை வைப்பது விலையில்தான். 300 ரூபாய் 250 ஆகும், 250 ரூபாய் 199 ஆகும், அப்புறமும் நகராது. விலையால் நின்ற நாவல் குறைவு. கண்ணில் படவே இல்லை, பட்டும் தொடவில்லை, தொட்டும் வாங்க முடியவில்லை, வாங்கியும் கைக்குப் போகவில்லை. இந்த நாலு இடத்தில் ஏதோ ஒன்றில்தான் அடைப்பு இருக்கும். அது எது என்று பார்க்காமல் விலையைக் குறைத்தால் அடைப்பும் போகாது, கையிலிருப்பதும் போகும்.

கீழே உள்ளவை ராமநாதபுரம் கடலோரத்து மண்டபம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடிப் பக்கத்து எழுத்தாளர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார்கள். அவர்கள் சொல்கிற வாக்கியத்தையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ, நேராக அங்கே போய்விடுங்கள்.

“வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன், ஒருத்தரும் பார்க்கவில்லை”

பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினீர்களா? உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அவர் எண் உங்களிடம் இருப்பது போதாது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால், யார் யாருக்குப் போனது என்று பெயர் காட்டும். பாதிப் பேர் அதில் இல்லையென்றால் காரணம் இதுதான். ஒரு லிஸ்டில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் பார்சலுக்குள் வைக்கும் துண்டுச் சீட்டிலும் “இந்த எண்ணைச் சேமித்து, உங்கள் பெயரை அனுப்புங்கள்” என்று ஒரு வரி போடுங்கள். வாங்கிப் படித்தவர் தானாகச் சேமித்த எண், நீங்கள் ஓடி ஓடிச் சேர்த்த எண்களைவிட மேல்.

குரூப்பில் போட்டேன் என்றால் எந்தக் குரூப் என்று பாருங்கள். சொந்தக்காரர் குரூப், தெருக் குரூப், பத்தாம் வகுப்பு பேட்ச் குரூப் எல்லாம் “வாழ்த்துகள் அண்ணே” என்று கைகூப்பும். அவர்கள் நல்லவர்கள், ஆனால் நாவல் படிக்கிறவர்கள் இல்லை. ஃபேஸ்புக்கில் வெறும் லிங்கை ஒட்டாமல், நாவலில் நன்றாக வந்திருக்கும் இரண்டு பத்தியைப் போட்டு, லிங்கை முதல் கமெண்டில் வையுங்கள்.

“லிங்கைத் திறக்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள்”

இரண்டு இடம் பார்க்க வேண்டும். முதலாவது அட்டை. அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலுக்கு 2560 உயரம், 1600 அகலம் பிக்சலில் அட்டை கேட்கிறார்கள் என்று பெரிய திரையில் வைத்து வடிவமைக்கிறோம். வாசகர் அதைப் பார்ப்பது கட்டைவிரல் நகம் அளவில். விடிகாலைக் கடல், தூரத்தில் ஒரு வல்லம், மேலே மெல்லிய கோட்டில் தலைப்பு என்று இருந்தால் நகம் அளவில் அது ஒரு சாம்பல் கட்டம். தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் உண்டு. சின்னதாகும்போது முதலில் கரைவது அவைதான். அட்டையை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தலைப்பு படிக்க வரவில்லையென்றால் ஓவியரிடம் திரும்பப் போங்கள்.

இரண்டாவது, அறிமுகக் குறிப்பு. நம் பக்கத்து நாவல்களில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “நெய்தல் நில மக்களின் வலியையும் வாழ்வையும் ரத்தமும் சதையுமாகப் பேசும் காவியம்.” இதில் கதை எங்கே? யாருக்கு என்ன ஆயிற்று? இப்படி எழுதிப் பாருங்கள்: “தடைக்காலம் தொடங்கிய ராத்திரி, தங்கச்சிமடத்தில் கட்டிக் கிடந்த ஒரு விசைப்படகு காணாமல் போகிறது. கடலுக்குப் போகவே கூடாத நாளில் அதை யார், எங்கே கொண்டு போயிருப்பார்கள்? படகு வாங்கத் தாலியை அடகு வைத்தவள் தேடக் கிளம்புகிறாள்.” மூன்று வாக்கியம் போதும். காவியமா இல்லையா என்று படித்தவர் சொல்லிக்கொள்வார்.

ஊர்ச் சொல்லை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்பார்கள். நாவலுக்குள் தாராளமாக இருக்கட்டும். அறிமுகக் குறிப்பில் மட்டும் கோயம்புத்தூர்க்காரருக்கு விளங்காத சொல் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

“தேடினால் என் புத்தகமே வரவில்லை”

நீங்கள் தமிழில் தட்டித் தேடுகிறீர்கள். வாசகர்களில் பலர் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். கேடிபியில், அதாவது கிண்டிலுக்கு நூலை ஏற்றும் தளத்தில், தேடுசொல்லுக்கு 7 கட்டம் உண்டு. தலைப்பையும் உங்கள் பெயரையும் ஆங்கில எழுத்தில் மக்கள் எப்படியெல்லாம் தட்டுவார்களோ அதற்கு ஒன்றிரண்டு கட்டம் ஒதுக்குங்கள். மற்றவற்றில் நாவலின் களம், வகை. “அருமையான நாவல்” என்று ஒருவரும் தேடுவதில்லை.

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாது. தலைப்பில் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்திருக்கும். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு எழுத்து. ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தனித்தனியாகத் தட்டியிருந்தாலும் இதே கதைதான். தலைப்பைப் பழைய கோப்பிலிருந்து ஒட்டாமல் போன் கீபோர்டில் புதிதாகத் தட்டி ஏற்றுங்கள்.

“எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது என்கிறார்கள்”

இதுதான் பெரிய நோய். இதன் வேர் பெரும்பாலும் அச்சுக்கோப்பில் இருக்கிறது. அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவர்களில் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கிறார்கள். தாளில் அச்சாகும்போது எந்தக் குறையும் தெரியாது. அதே கோப்பை மின்னூலாக்கினால்தான் சாயம் வெளுக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். ஏனென்றால் கோப்புக்குள் இருப்பது அதுதான். தமிழ் உருவம் மேலே போட்ட சட்டை. மின்னூலுக்கு, எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கும் யூனிகோட் முறை வேண்டும்.

எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, பெரும்பகுதி சரியாக மாற்றிவிடும். மிச்சம் இருப்பதுதான் வாசகர் கண்ணில் படும். உடைந்த பக்கத்தின் படத்தை வாசகரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் என்ன தெரிகிறது என்பதை வைத்து இப்படிப் பிரிக்கலாம்:

எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன சின்ன வட்டம் தெரிந்தால், ஒரு கொம்போ சுழியோ தன் எழுத்தைப் பிரிந்து தனியாக நிற்கிறது. பழைய எழுத்துருவில் ஒற்றைக் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுவார்கள். யூனிகோடில் கோப்புக்குள் வரிசை தலைகீழ்: மெய் முதலில், குறி பின்னால். மாற்றி இந்த வரிசையைத் தவறவிட்ட இடம் அது. அங்கே அழித்துவிட்டுப் புதிதாகத் தட்ட வேண்டும், வேறு வழி கிடையாது.

‘கொடி’ என்பது ‘கெரடி’ என்று வந்தால், துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டிய பழக்கம். கோப்பில் ‘கெர’, ‘செர’ என்று தேடிப் பாருங்கள், கூட்டமாக மாட்டும். ஆனால் ‘எல்லாவற்றையும் மாற்று’ பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். ‘தெர’வை ‘தொ’வாக மாற்றப் போய், நாவல் முழுக்க இருந்த ‘தெரு’வெல்லாம் சேர்ந்து உடையும்.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அந்தப் போனில் எழுத்துருக் குறை, உங்கள் கோப்பில் இல்லை. செயலியைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

அச்சுக்குப் போன பிடிஎஃப்பை அப்படியே மின்னூலாக ஏற்றலாமா என்றால், வேண்டாம். வேர்டு கோப்பாகவோ, ஈபப் என்ற மின்னூல் கோப்பாகவோ ஏற்றி, வெளியிடும் முன் முன்னோட்டத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் பக்கத்தையாவது பாருங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு பட்டனை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். பிழை கிடப்பதோ வட்டார வழக்கு உரையாடல் நிறைய வருகிற நடுப்பகுதியில்.

திருத்திய கோப்பை மறுபடி ஏற்றினால் புதிதாக வாங்குகிறவருக்குச் சரியாகக் கிடைக்கும். ஏற்கெனவே வாங்கியவரிடம் பழைய கோப்பே இருக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கோபமாக எழுதிய வாசகர் அதோடு சமாதானமாகிவிடுவார்.

“துபாயில் இருக்கிறவர் வாங்கவே முடியவில்லை என்கிறார்”

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் எழுத்தாளருக்கு வளைகுடா வாசகர் என்றால் சின்ன விஷயமில்லை. ஊர்க் கதைக்கு ஏங்கிக் கிடப்பவர்கள் அங்கேதான் அதிகம். நீங்கள் அனுப்பியது அமேசானின் இந்தியக் கடை லிங்க். கிண்டில் நூலை எந்தக் கடையில் வாங்கலாம் என்பது வாசகரின் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. லிங்கின் நடுவில் ‘பி0’ என்று தொடங்கும் 10 எழுத்துக் குறியீடு இருக்கும். எல்லாக் கடையிலும் குறியீடு ஒன்றுதான். முகவரியில் ‘டாட் இன்’ இருக்கும் இடத்தில் ‘டாட் காம்’ என்று மாற்றி அனுப்பினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஊர்ப் பேச்சிலேயே “காக்கா, ஐஃபோனா வச்சிருக்கீங்க? கிண்டில் ஆப்புக்குள்ள வாங்குற பட்டன் வரலேன்னா விட்ருங்க, பிரௌசர்ல திறந்து வாங்குங்க, புத்தகம் தன்னால ஆப்புக்கு வந்துரும்” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். அப்படியும் இல்லையென்றால், கேடிபியில் விற்பனை உரிமையை இந்தியாவுக்கு மட்டும் என்று குறித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

அச்சுப் பிரதியை ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அங்கிருந்து பணம் தருகிறவர்கள் உண்டு. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் எண் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான தங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை யுபிஐயில் இணைத்துப் பணம் அனுப்ப 2023 முதல் வழி இருக்கிறது. பலருக்கு அது தெரியாது, நீங்களே சொல்லுங்கள்.

“தபால் ஆபீசில் திருப்பி விடுகிறார்கள்”

பழைய ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட் இப்போது இல்லை. 2025 மே 1 முதல் புத்தகத்துக்கென்று ஞான் போஸ்ட் வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போகும், போகிற தடத்தைப் பார்க்கலாம். பாடநூல்களோடு சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கான சேவை இது. விளம்பரத் தாள்களும் பத்திரிகைகளும் இதில் போகாது.

கவுண்டரில் இருப்பவர் நாவலைப் புரட்டிவிட்டு, “அண்ணே, இதுல அச்சகம் பேரும் இல்ல, பதிப்பகம் பேரும் இல்ல, எப்படி இதுல போடுறது?” என்று கேட்டால் அவர் சொல்வது சரி. நூலில் அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. சொந்தமாகப் போடுகிறவர்கள் உரிமைப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவது சகஜம். பதிப்பகம் இல்லையென்றால் வெளியிட்டவர் என்று உங்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள், அச்சகத்தின் பெயரையும் சேருங்கள். ஏற்கெனவே அடித்தாயிற்று என்றால் அந்தக் கட்டுக்கு ஸ்பீட் போஸ்ட்தான்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. டெம்மி என்ற நூல் அளவில் 240 பக்கம், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் என்றால் அட்டையோடு சுமார் 270 கிராம் வரும். தராசில் வைத்துப் பார்த்து, 300க்குள் இருக்கிறது என்று சந்தோஷப்படுவோம். பாலிதீன் உறை, மேலே அட்டை, டேப், விலாசச் சீட்டு எல்லாம் சேர்ந்ததும் 300ஐத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். புத்தகத்தின் விலையில் தபால் செலவைச் சேர்ப்பதானால், கட்டிய பார்சலை எடை போட்டுவிட்டுச் சேருங்கள். அடுத்த நாவலுக்கு 60 ஜிஎஸ்எம் தாள் போதுமா என்று அச்சகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பின்பக்கத்து எழுத்து தெரியாமல் இருந்தால் சரி.

“பார்சல் போய்ச் சேரவில்லை, அல்லது திரும்பி வருகிறது”

“சர்ச் பக்கத்தில், கடற்கரைத் தெரு” என்று விலாசம் எழுதினால் பாம்பனில் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார், ஓசூரில் நடக்காது. வாசகரிடம் பின்கோடும் போன் எண்ணும் கட்டாயம் வாங்குங்கள். விலாசம் தமிழில் இருக்கட்டும். ஊர், மாவட்டம், பின்கோடு மட்டும் ஆங்கிலத்திலும் எழுதினால் பிரிக்கிற இடத்தில் தங்காது.

கூரியர் வீட்டுக்கு வந்து எடுக்கவில்லை என்றால், உங்கள் பின்கோடுக்கு அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராமநாதபுரம் 623501க்கு இருப்பது கடலோரத்துச் சின்ன ஊருக்கு இருக்காது.

திரும்பி வருவதில் பெரும்பகுதி கேஷ் ஆன் டெலிவரி பார்சல்தான். ராத்திரி ஆர்வத்தில் ஆர்டர் போட்டவர், பார்சல் வருகிற பகலில் போனை எடுக்கமாட்டார். போகிற செலவும் வருகிற செலவும் உங்கள் தலையில். என்னைக் கேட்டால் நாவலுக்கு அது வேண்டவே வேண்டாம், முன்பணம் மட்டும். ஆர்டர் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், கையில் நிற்பது கூடும்.

“பணம் அனுப்பிவிட்டேன் என்கிறார், வரவில்லை”

ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தபின் கட்டுங்கள். மொத்தமாகப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்று ஆர்டர் தந்து, பணம் வர க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள், பின் நம்பரைப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

“ஐஎஸ்பிஎன் கேட்கிறார்கள்”

நூலுக்கான அடையாள எண் அது. கிண்டிலுக்கு அவசியமில்லை. அச்சுப் பிரதியைக் கடைகளிலும் தளங்களிலும் வைப்பதற்கு அது தேவை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளர் தானே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடக் கூடாது.

“சொந்தக்காரர்கள் எழுதிய விமர்சனம் காணாமல் போய்விட்டது”

போகத்தான் செய்யும். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதக் கூடாது என்பது அமேசான் தளத்தின் விதி. மச்சானை விட்டுவிட்டு, முகம் தெரியாத வாசகரிடம் கேளுங்கள்.

“உங்கள் நூல் வேறு இடத்திலும் இருக்கிறது என்று எச்சரிக்கை மெயில் வந்தது”

மின்னூலைக் கிண்டிலில் மட்டுமே வைப்பேன் என்று ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருப்பீர்கள். அதில் இருக்கும் 90 நாளும் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. முன்பு ஏதாவது செயலியில் தொடராக எழுதியிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். மாதிரிக்கு 10 சதவீதம் வரை விட்டுவைக்கலாம். அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

“விற்றது தெரிகிறது, ராயல்டி இடிக்கிறது”

இந்தியக் கடையில் 70 சதவீதம் வேண்டுமென்றால் செலக்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 35தான். அந்த 70லும் கோப்பின் கனத்துக்கு ஏற்ப ஒரு எம்பிக்கு 7 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். 150 ரூபாய் நாவல் 1 எம்பியில் இருந்தால் வரிக்கு முன் சுமார் 100 ரூபாய் வரும். அதற்குள் தனுஷ்கோடி போட்டோக்களைக் கனமாகச் சேர்த்து 8 எம்பி ஆக்கினால் 66 ரூபாய்கூட வராது. படங்களைச் சுருக்குங்கள்.

பணம், விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வரும். சித்திரையில் விற்றதற்கு ஆடிவாக்கில் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடித்திருந்தால், வரி விவரப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அது 15 ஆகக் குறையும்.

“திடீரென்று விற்பனை நின்றுவிட்டது”

காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கரை ஊர்களில் கையிருப்பே இருக்காது, உள்ளூர் விற்பனை அப்போது படுத்தே கிடக்கும். வெளியூர் வாசகர்களோ மார்கழியில் நிறுத்துவார்கள்: ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதம் கழிவில் வாங்கிக்கொள்ளலாம் என்று. இரண்டும் கோளாறு இல்லை. விலையில் கை வைக்காமல் இருங்கள்.

“வீட்டில் இருக்கிற பிரதியே கெட்டுப்போகிறது”

கடற்கரையிலிருந்து விற்கிறவருக்கு மட்டுமேயான தொல்லை. வாடைக் காற்று ஏறி, மழையும் சேர்ந்துகொள்ளும் ஐப்பசி, கார்த்திகையில் அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். அட்டையின் மேற்புறம் லேமினேஷன் ஈரத்தை விடாது, உட்புறத் தாள் குடித்து விரியும், அதனால்தான் இந்த வளைவு. கனமான 300 ஜிஎஸ்எம் அட்டை கொஞ்சம் தாங்கும். கட்டுகளைத் தரையிலோ கடல் பக்கச் சுவரை ஒட்டியோ வைக்காமல், பலகைமேல் வைத்து, ஒவ்வொரு கட்டையும் பாலிதீனில் சுற்றி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சுருண்டதை நிமிர்த்த வெயிலில் காயவைக்காதீர்கள், முதுகுப் பசை விட்டுப்போகும். மேலே கனம் ஏற்றி நிழலில் வையுங்கள்.

பழுப்புப் புள்ளி விழுந்த பிரதியைப் புதிது என்று அனுப்பாதீர்கள். அவற்றைத் தனியாக எடுத்து, குறை என்ன என்று படத்தோடு சொல்லிப் பாதி விலைக்குப் போடுங்கள். விலையைக் குறைக்க நியாயமான இடம் இது ஒன்றுதான், அவையும் போய்விடும். அடுத்த முறை ஆயிரம் பிரதி அடித்து மூட்டை கட்டாமல், நூறு நூறாக அடித்துத் தரும் அச்சகத்தைப் பாருங்கள். பிரதிக்குச் செலவு கூடத்தான் கூடும். பூஞ்சணம் பூத்துத் தூக்கிப்போடும் பிரதிகளின் காசையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.